‘வேண்டாம்’ என்னும் சொல்

ஒருநாள் இரவு, இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு தண்டையார்பேட்டையிலுள்ள என் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கூடத்தில் அனைவரும் அமர்ந்து ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தனர். சீன நாட்டின் ஷாங்காய் மாநகரில், லூவான் என்னும் பகுதியிலுள்ள சிறுவர் விளையாட்டுப் பள்ளியைப் பற்றிய படம் அது. கான் சாவ் என்னும் இயக்குநர் 2008-ஆம் ஆண்டு எடுத்தது. ‘சிவப்பு ஓட்டம்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

பச்சிளம் பிள்ளைகள் உயரமான கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். கைகள் நடுங்குகின்றன; முகம் சிவந்து கண்ணீர் வழிகிறது. பயிற்சியாளர் நேரத்தைக் கணக்கிட்டபடி நிற்கிறார். பெற்றோரில் பலர் எளியவர்கள். தம் பிள்ளை நாட்டுக்குப் பதக்கம் வென்றால் குடும்பத்துக்கே விடிவு பிறக்கும் என்று நம்பி அனுப்பியவர்கள்.

என் பேத்திக்கு ஒன்பது வயது. என் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, “நன்னா, அந்தப் பிள்ளை வேண்டாம்னு சொன்னா கீழே இறக்கிவிடுவாங்களா?” என்று கேட்டாள்.

யாரும் விடை கூறவில்லை. எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்திருந்த கேரம் பலகையின்மீது என் மருமகனின் பார்வை சென்று மீண்டதைக் கண்டேன். ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், பள்ளி விட்டு வந்தபின் இரண்டு மணி நேரம் என அவர் தம் மகளுக்கு ஆட்டம் பயிற்றுவித்து வந்தார். குழந்தை கேட்டது சீனத்துச் சிறுமியைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று எனக்கு விளங்கவில்லை. அக்கேள்விக்கு விடை தேடி வரலாற்றைப் புரட்டிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

எங்கள் வடசென்னைக்குப் பொதுவுடைமை நாடுகளின் பெயர் புதிதன்று. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் தினம் கொண்டாடினார். அதன்பின் துறைமுகத்திலும் ஆலைகளிலும் தொழிற்சங்கம் வேரூன்றிய ஊர் இது. நான் இராயபுரத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்த 1970-களில், துறைமுகத்தில் வேலை பார்த்த என் அத்தா ‘சோவியத் நாடு’ இதழைக் கொண்டுவருவார். வழவழப்பான அதன் தாள்கள் பாடநூல்களுக்கு அட்டை போட உகந்தவை. என் கணக்குப் புத்தகத்தின் அட்டையில், ஒரு சாண் அகலம்கூட இல்லாத கட்டையின்மீது ஒரு சிறுமி வில்லென வளைந்து நின்றுகொண்டிருந்தாள். “அந்த நாட்டுல ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அரசாங்கமே எல்லாத்தையும் சொல்லிக்கொடுக்குது” என்று அத்தா பெருமூச்சு விடுவார்.

அத்தா சொன்னதில் பொய்யில்லை. சோவியத் ஒன்றியம் நாடெங்கும் சிறுவர் விளையாட்டுப் பள்ளிகளை நிறுவியது. பயிற்சிக்கூடம், கருவிகள், ஆசிரியர் அனைத்தும் அரசின் செலவு. திறமை காட்டும் பிள்ளைக்கு உணவும் மருத்துவமும் பயணமும் அரசே அளித்தது. 1952-இல் ஹெல்சிங்கி நகரில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அந்நாடு, அன்று முதல் 1980 வரை நடந்த 8 ஒலிம்பிக் போட்டிகளிலும் ஜிம்னாஸ்டிக்ஸ் மகளிர் குழுத் தங்கத்தை வேறு எந்நாட்டுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நிற்க. அந்த வெற்றி வரலாற்றுக்குள் மற்றொரு வரலாறும் ஒளிந்திருக்கிறது. அது வயதின் வரலாறு.

தொடக்கத்தில் இது வளர்ந்த பெண்களின் விளையாட்டாகவே இருந்தது. சோவியத் வீராங்கனை லாரிசா லாட்டினினா 1956-இல் மெல்போர்னில் முதல் தங்கம் வென்றபோது அவருக்கு 21 வயது. 1958 உலகப் போட்டியில் கருவுற்றிருந்த நிலையிலேயே ஆடி வென்றார். 1964-இல் தம் மூன்றாவது ஒலிம்பிக்கை முடித்தபோது வயது 29. மொத்தப் பதக்கங்கள் 18.

அவருக்குப் பின் அரியணை ஏறியவர் செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் வேரா சாஸ்லாவ்ஸ்கா. 1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் அவர் நாட்டுக்குள் புகுந்தன. சீர்திருத்தம் கோரிய அறிக்கையில் கையொப்பமிட்டிருந்த அவர் மலைப்பகுதியில் ஒளிந்துகொண்டு, உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கியும் மரக்கிளைகளில் தொங்கியும் பயிற்சி செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் மெக்சிகோவில் வெற்றி மேடையில் நின்றபோது, சோவியத் தேசிய கீதம் ஒலிக்கையில் தலையைத் தாழ்த்தி மறுபுறம் திருப்பிக்கொண்டார். சொல் எதுவும் சொல்லவில்லை, உலகம் புரிந்துகொண்டது. அதற்காக அவர் தம் நாட்டு ஆட்சியாளரிடம் நெடுங்காலம் துன்புற்றார். ஆயினும், ‘வேண்டாம்’ என்று மறுக்கும் ஆற்றல் அந்த 26 வயதுப் பெண்ணிடம் இருந்தது.

அதன் பிறகு மேடையேறியவர்களின் வயது மளமளவெனச் சரிந்தது. 1972-இல் மியூனிக் நகரில் உலகை மயக்கிய ஓல்கா கோர்புட்டுக்கு 17. நான்கு ஆண்டுகள் கழித்து, 1976 ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள், மாண்ட்ரீல் நகரில் ருமேனியாவின் நாடியா கொமனெச்சி இணைக்கம்பிகளில் சுழன்று இறங்கினார். அவருக்கு வயது 14. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் அதுவரை யாரும் பெறாத முழு மதிப்பெண்ணான 10 அவருக்கு வழங்கப்பட்டது. மதிப்பெண் பலகையோ 10.00 என்று காட்டும் வகையில் செய்யப்படவில்லை, 1.00 என்றே காட்டியது. அப்போட்டிகளில் மொத்தம் ஏழு முறை அவர் முழு மதிப்பெண் பெற்றார்.

ஏன் இந்தச் சரிவு? சிறிய உடல் காற்றில் எளிதாகச் சுழலும். பருவமெய்தாத எலும்பு வளைந்து கொடுக்கும். இது உடலியல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை கீழ்ப்படியும். 26 வயதுப் பெண் மேடையிலே தலையைத் திருப்பிக்கொள்வாள். 14 வயதுச் சிறுமி அவ்வாறு செய்வது அரிது. ஒலிம்பிக் பதக்கத்தை ஆட்சியின் விளம்பரமாகக் கருதிய அரசுகளுக்கு இரண்டாவது காரணமும் உவப்பாகவே இருந்திருக்கும்.

நாடியாவின் கதை அந்தப் புன்னகைக்குப் பின்னிருந்ததைக் காட்டுகிறது. ஒனெஸ்தி என்னும் சிற்றூரின் பள்ளி முற்றத்தில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைக் கண்டெடுத்து வளர்த்தவர்கள் பெலா கரோலி, மார்த்தா கரோலி என்னும் பயிற்சியாளர் தம்பதியர். பதக்கங்களோடு திரும்பிய நாடியாவைச் சர்வாதிகாரி சௌஷெஸ்கு நாட்டின் உயர்ந்த விருதளித்துக் கொண்டாடினார். அதே ஆட்சியின் இரகசியக் காவல்துறை அவரை இடைவிடாமல் வேவு பார்த்தது. பிற்காலத்தில் வெளிவந்த அக்காவல்துறையின் கோப்புகள், அந்தப் பயிற்சிக்கூடத்தில் பசியும் அடியும் இருந்தன என்று பேசுகின்றன. கரோலி தம்பதியர் 1981-இல் அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தனர். நாடியா 1989 நவம்பரில் இருளில் நடந்து எல்லையைக் கடந்து ஹங்கேரிக்குத் தப்பினார். சில வாரங்களில் சௌஷெஸ்குவின் ஆட்சியே கவிழ்ந்தது.

நாடியா தப்பினார்; எலேனா முகினா தப்பவில்லை. 1978-இல் உலகப் பட்டம் வென்ற சோவியத் வீராங்கனை அவர். மறு ஆண்டு கால் முறிந்தது. 1980-இல் ஒலிம்பிக் மாஸ்கோவிலேயே நடக்கவிருந்ததால், கால் முற்றும் தேறுமுன்பே பயிற்சிக்கு அழைக்கப்பட்டார். ஆடவர் செய்துவந்த ‘தாமஸ் சால்டோ’ என்னும் அபாயகரமான கரணத்தை அவருக்குப் பயிற்றுவித்தனர். இதில் என் கழுத்து முறியும் என்று அவர் தம் பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. ஒலிம்பிக் தொடங்க 16 நாள்களே இருந்த நிலையில், 1980 ஜூலை 3-ஆம் நாள் மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது அவர் மோவாய் தரையில் மோத விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது வயது 20. கழுத்துக்குக் கீழே அசைவற்ற உடலோடு 26 ஆண்டுகள் படுக்கையில் வாழ்ந்து 2006 டிசம்பரில் மறைந்தார். பின்னாளில் அளித்த ஒரு பேட்டியில், விழுந்த கணத்தில் தம் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், ‘இனி ஒலிம்பிக்குக்குப் போகவேண்டியதில்லை’ என்ற நிம்மதிதான் என்று அவர் கூறினார். ‘வேண்டாம்’ என்று வாயால் சொல்லியும் கேளாதவர்களுக்கு, முறிந்த கழுத்தால் சொல்லவேண்டியதாயிற்று.

உலகச் சங்கம் குறைந்தபட்ச வயதை 1981-இல் 15 ஆகவும், 1997-இல் 16 ஆகவும் உயர்த்தியது. வயதை உயர்த்தியதும் சான்றிதழைத் திருத்தும் வழக்கம் பிறந்தது. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் வெண்கலம் வென்ற சீன மகளிர் குழுவில் ஒரு பெண்ணுக்கு உண்மையில் 14 வயதே ஆகியிருந்தது என்று தெரியவந்து, 2010-இல் அக்குழுவின் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தப் பொய்யைச் சொன்னது குழந்தையா? அன்று. ஆனால் பதக்கத்தோடு பெயரையும் இழந்தது அவளே.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘பொதுவுடைமை நாடுகளின் குற்றம் இது’ என்று சொல்லி முடித்துவிடலாமா? நியாயம் அதற்கு இடம் தராது. தனிமனித உரிமையின் தாயகம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவில், ஜிம்னாஸ்டிக்ஸ் தேசிய அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் என்பவன் நெடுங்காலம் சிறுமியரைச் சீரழித்து வந்தான். 2018-இல் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னபிறகே உலகம் முழு உண்மையை அறிந்தது. அங்கும் பிள்ளைகள் முன்னமே சொல்லியிருந்தார்கள். பதக்கத்தின் ஒளியில் பெரியவர்களுக்குக் காது மந்தமாயிற்று.

நம் நாட்டைப் பார்ப்போம். இந்தியாவில் இக்கலையின் பழைய வேர்களுள் ஒன்று தலைச்சேரியில் இருக்கிறது. அங்கே உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் வழியாகக் கேரளம் இந்திய சர்க்கஸின் தாயகமாயிற்று. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆனால் காலப்போக்கில், பெற்றோர் கையில் சிறுதொகை கொடுத்துக் குழந்தைகளைக் கூடாரங்களுக்குள் கொண்டுவந்து அடைத்த கொடுமையும் வளர்ந்தது. நேபாளத்திலிருந்தும் சிறுமியர் கொண்டுவரப்பட்டனர். கடைசியில் 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்து அறிவிக்கை வெளியிடுமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அரசு வளர்த்த பள்ளியிலும் அரசின் கண்ணில் படாத கூடாரத்திலும் பிள்ளையின் நிலை ஒன்றாகவே இருந்ததை இவ்வரலாறு காட்டுகிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். இராயபுரம் முதல் எண்ணூர்வரை ஒருபுறம் கடல். மறுபுறம் இரயில் பாதை, சரக்குப் பெட்டக லாரிகள், ஆலைச் சுவர்கள், எண்ணெய்த் தொட்டிகள். இவற்றுக்கிடையே ஒற்றை அறை வீடுகள். பிள்ளைகள் ஓடியாட வெளி ஏது? ஆகவே இங்கே, இருக்கிற இடத்துக்கு இசைந்த ஆட்டம் ஒன்று வேரூன்றியது. கேரம் பலகைக்கு வேண்டிய இடம் முக்கால் மீட்டருக்கு முக்கால் மீட்டர். ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ஒரு சிவப்புக் காய், ஒரு ஸ்ட்ரைக்கர், மேலே ஒரு விளக்கு, கொஞ்சம் பவுடர். இவை போதும். தெருமுனை மன்றங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் இரவுப் பணி முடித்து வந்தவர்கள் ஆடினார்கள். பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

அனைத்துலகக் கேரம் சம்மேளனமே 1988-இல் சென்னையில்தான் தோன்றியது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலகப் பட்டம் வென்று, கேரம் ஆட்டத்துக்கென அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியில் எளிய குடும்பத்தில் பிறந்த இளவழகி 2008-இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில், புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த 17 வயதுக் காசிமா அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த உலகப் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அவருடைய தந்தை ஆட்டோ ஓட்டுநர். மகளுக்குப் பயிற்சி அளித்தவரும் அவரே. தமிழ்நாடு அரசு அப்பெண்ணுக்கு 1 கோடி ரூபாய் பரிசளித்தது.

அன்று எங்கள் தெருக்களில் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. முக்காடிட்ட ஒரு வீட்டுப் பெண்ணை விமான நிலையத்தில் மாலையிட்டு வரவேற்றதைக் கண்டு, தம் வீட்டுப் பெண்ணே வென்றதாக எண்ணிப் பூரித்தோர் பலர். என் மருமகன் பரண்மேல் கிடந்த கேரம் பலகையை இறக்கித் துடைத்ததும் அந்த வாரத்தில்தான்.

ஷாங்காயையும் வண்ணாரப்பேட்டையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு விளங்குகிறது. அங்கே அரசு, பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதே வந்துவிடுகிறது. கூடம், உணவு, மருத்துவர் எல்லாம் தருகிறது. கூடவே பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இங்கே பரிசும் பாராட்டும் பெரும்பாலும் வெற்றிக்குப் பிறகே வருகின்றன. அதுவரை தந்தையின் ஆட்டோ வருமானமே பயிற்சிக்கூடம். ஆனால் பிள்ளை தன் உம்மாவின் அருகில் உறங்குகிறாள். என் அத்தா விட்ட பெருமூச்சில் நியாயம் உண்டு: தரையும் விளக்கும் பயிற்சியாளரும் மருத்துவரும் ஏழைப் பிள்ளைக்குக் காலத்தோடு கிடைக்கவேண்டும். அதற்காகப் பிள்ளையை விலையாகக் கொடுக்கலாகாது.

எனினும், வீட்டிலே வளர்கிறாள் என்பதனாலேயே பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்னும் உரிமை கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாமா? இங்கேதான் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவேண்டும். அரசின் ஆணையை எதிர்த்து எல்லை தாண்டலாம். பெற்ற தந்தையின் ஆசையை எதிர்த்து ஒன்பது வயதுப் பிள்ளை எங்கே ஓடும்? அன்பினால் கட்டாயப்படுத்துவோர் தாம் கட்டாயப்படுத்துவதை அறிவதே இல்லை. விளையாட்டு மட்டுமன்று, மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கென்று, உறங்க நேரமின்றிப் பிள்ளைகளை வதைக்கும் வீடுகள் நம் தெருவில் இல்லையா? பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று வாயாரச் சொல்கிறோம். அமானிதப் பொருளை வைத்திருப்பவனுக்கு அதைக் காக்கும் கடமை உண்டு. அதைப் பணயம் வைக்க உரிமை இல்லை.

உலகம் சற்றே கற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. 2021 ஜூலையில், கொரோனாவால் ஓராண்டு தள்ளி நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் குழு இறுதிப்போட்டியின் நடுவே விலகிக்கொண்டார். காற்றில் சுழலும்போது தம் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிவிடுகிறது. மேலும் ஆடினால் ஆபத்து என்றார். சிலர் பழித்தனர், ஆயினும் அவர் சொல் ஏற்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். எலேனா முகினா சொன்ன அதே சொல்லைத்தான் 41 ஆண்டுகளுக்குப் பின் இவர் சொன்னார். கேட்கும் காது இருந்தது, கழுத்து தப்பியது.

சோவியத் கால உஸ்பெகிஸ்தானின் புகாரா நகரில் 1975-இல் பிறந்த ஒக்சானா சுசோவிடினா, புற்றுநோயுற்ற தம் மகனின் சிகிச்சைக்காக ஜெர்மனியில் குடியேறி, அந்நாட்டுக்காக ஆடி 2008-இல் வெள்ளி வென்றார். 46-ஆம் வயதில் டோக்கியோவில் எட்டாவது முறையாக ஒலிம்பிக் மேடையேறினார். நம் திரிபுராவின் தீபா கர்மாகர் 2016-இல் ரியோ நகரில் தாவு மேடைப் போட்டியில் 0.15 புள்ளியில் வெண்கலத்தை இழந்து நான்காமிடம் பெற்றார். 2024-இல் 30 வயதில் ஆசியத் தங்கம் வென்று, அவ்வாண்டே தாமாக விடைபெற்றார். இது சிறுமியருக்கு மட்டுமே உரிய கலை என்பதும் வலி கொடுத்தே வளர்க்கவேண்டும் என்பதும் பெரியவர்கள் கட்டிவிட்ட கதை என்பதற்கு இவ்விருவரும் போதும்.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை மருமகனிடம் பேசினேன். மாமனார் மருமகனுக்குப் புத்தி சொல்வது நம் வழக்கத்தில் எளிய காரியமன்று. முகினாவின் கதையை மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். “அவ நல்லதுக்குத்தான் மாமா செய்றேன். எனக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கட்டுமே” என்றார். குரல் தழுதழுத்தது. பதினைந்து வயதில் படிப்பை விட்டுக் கிடங்கு வேலைக்குப் போனவர் அவர். அவருடைய ஆசையில் குற்றமில்லை. “அவளையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னேன்.

கூப்பிட்டுக் கேட்டார். குழந்தை முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை என்று தெரிந்துகொண்ட பின்பே வாய் திறந்தாள்.

“காலையில வேண்டாம் அத்தா. தூக்கம் வருது. சாயந்திரம் ஆடுறேன்.”

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் அந்த வீட்டில் காய்கள் மோதும் ஓசை கேட்கவில்லை. மாலையில் கேட்டது.